ஆலைத் தொழிலாளரும் இணைப்புக் கருவிகளும்

பெங்களூர் நகரின் தென்கிழக்கே, ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. தனி நகரசபையாக விளங்கிய இப்பகுதி 2007-ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆயத்த ஆடைகள் தைக்கும் ஆலைகள் இங்கும் இதனைச் சூழ்ந்த இடங்களிலும் பல உள்ளன. அவற்றில் பணியாற்றுவோருள் பெரும்பாலோர் பெண்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ், ஹிந்தி, ஒடியா முதலிய மொழிகளைப் பேசுவோர் ஒரே கூடத்தில் அமர்ந்து தைப்பதைக் காணலாம். இதே நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் தெற்கே எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் மின்னணுத் தொழிற்பேட்டை உள்ளது. 2010-இல் திறக்கப்பட்ட உயர்மட்டச் சாலை பொம்மனஹள்ளிக்கு மேலாகவே அங்குச் செல்கிறது. கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதுவோர் மேலே விரைந்து செல்ல, அத்தகைய நிரல்களால் இயங்கும் கருவிகளைக் கையாள வேண்டியோர் கீழே சாலையைக் கடக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்திராமையே இங்கு ஆராயப்படும் குறைகள் பலவற்றுக்கும் காரணம் எனலாம்.

இணைப்புக் கருவி என்பது யாது? தான் அறிந்த செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாது, கம்பி வழியாகவோ ரேடியோ அலை வழியாகவோ வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பி, அங்கிருந்து விடையும் பெறும் கருவியே இணைப்புக் கருவியாகும். ஆலை வாயிலில் வருகையைப் பதியும் கைரேகைப் பெட்டி, தையல் இயந்திரத்தின் பக்கத்தில் பொருத்தப்படும் சிறு திரை, சூப்பர்வைசரின் கையிலுள்ள டாப்லெட், தொழிலாளரின் கைப்பேசி ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை எளிதாக்குவதற்குத் திரையின் நிறமும் எழுத்தின் அழகும் போதும் என்று கருதுவோர் உளர். அது சரியன்று. தொழிலாளர் கேட்கும் கேள்விக்கு, அவருக்கு விளங்கும் முறையில், அவருக்கு இயலும் நேரத்தில், அவர் நம்பி நடக்கத்தக்க விடை கிடைக்கிறதா என்பதே ஒரு கருவியின் எளிமையை அளக்கும் கோல்.

சேமிப்பும் செய்தியும்

இவ்வளவுகோலின் அவசியத்தைப் பொம்மனஹள்ளியில் 2016-ஆம் ஆண்டு நிகழ்ந்த சம்பவம் ஒன்று தெளிவுபடுத்தும். தொழிலாளர் தம் ஊதியத்தில் 12 சதவீதத்தை வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்துகின்றனர். ஆலை நிர்வாகமும் 12 சதவீதம் செலுத்துகிறது, அதில் 8.33 பங்கு ஓய்வூதியக் கணக்கிற்கும், எஞ்சிய 3.67 பங்கு வைப்பு நிதிக்கும் சேர்கின்றன. தொழிலாளர் பேச்சில் இது 'பி.எஃப்.' பணம். மகளின் படிப்பு, வீட்டு முன்பணம், கடன் அடைத்தல் ஆகியவற்றிற்கு இப்பணத்தையே நம்பியிருப்போர் பலர். 2016 பிப்ரவரியில் வெளியான அறிவிக்கை ஒன்று, வேலையை விட்டு நிற்போர் தம் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே உடனே பெறலாம், நிர்வாகத்தின் பங்கை 58 வயதுக்குப் பின்னரே பெறலாம் என்று விதித்தது. ஏப்ரல் 18-ஆம் தேதி பொம்மனஹள்ளிப் பகுதியின் தையல் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஓசூர் நெடுஞ்சாலையில் திரண்டனர். மறுநாள் கிளர்ச்சி நகரின் பிற தொழிற்பகுதிகளுக்கும் பரவி வன்முறையாகவும் மாறியது, பஸ்கள் எரிக்கப்பட்டன. அன்றே அறிவிக்கை கைவிடப்பட்டது. விதிகள் பின்னரும் திருத்தம் பெற்றுள்ளன. அவற்றின் நன்மை தீமைகள் இங்கு ஆராயப்படும் பொருளல்ல.

இங்குக் கவனிக்க வேண்டியது வேறு. 12 இலக்கங்கள் கொண்ட பொதுக் கணக்கு எண் 2014 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. கணக்கைக் கணிப்பொறி வழியே பார்க்கும் வசதியும் இருந்தது. இணைப்பு இருந்தது; கருவி இருந்தது. ஆயினும் விதி மாறுகிறது என்ற செய்தி தொழிலாளரிடம் அக்கருவி வாயிலாக, அவருடைய மொழியில், 'உமது கணக்கில் இவ்வளவு உள்ளது; இவ்வளவு எடுக்கலாம்; இவ்வளவு நிற்கும்' என்ற உருவில் சென்று சேரவில்லை. பக்கத்து இயந்திரத்தாரின் வாய்ச்சொல்லே செய்தியாயிற்று. விதியை எதிர்த்தவர்களின் எதிர்ப்பு அறியாமையால் எழுந்தது என்று இதனால் கொள்ளலாகாது. தம் பணம் தம் கைக்கு எட்டாது போகும் என்று அவர்கள் அறிந்தது சரியே. எவ்வளவு, எப்பொழுது என்பதைத்தான் அவர்களால் கேட்டறிய இயலவில்லை.

அட்டை எவ்வாறு பேசுகிறது?

இனி ஆலைக்குள் நுழைவோம். சட்டை ஒன்றை ஒருவரே முழுவதும் தைப்பதில்லை. கழுத்துப்பட்டை, கைமுனை, பாக்கெட், பொத்தான் துளை எனப் பல வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொருவர் செய்கின்றனர். வெட்டிய துணித் துண்டுகள் 'பண்டில்' எனப்படும் கட்டுகளாகக் கட்டப்பட்டு ஓர் இயந்திரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்கின்றன. இவ்வாறு தொடர்ந்து நிற்கும் இயந்திர வரிசைக்கு 'லைன்' என்று பெயர். ஒரு மணிக்கு எத்தனை உருப்படி முடிந்தது என்பதைச் சூப்பர்வைசர் சாக்குக்கட்டி கொண்டு பலகையில் எழுதுவது பழைய வழக்கம்; பல ஆலைகளில் அது இன்றும் உண்டு. வேறு சில ஆலைகளில் ஒவ்வொரு கட்டுடனும் ஓர் அட்டை வைக்கப்படுகிறது. தொழிலாளர் அதனைத் தம் இயந்திரத்தருகேயுள்ள பெட்டியில் காட்டியதும் கணக்கு தானே ஏறிவிடுகிறது.

அவ்வட்டையில் மின்கலம் ஏதுமில்லை. மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் கடுகளவு சில்லு ஒன்றும் மட்டுமே உள்ளன. பெட்டி ஒரு மாறு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. இவ்வகை அட்டைகள் பலவற்றில் அதன் அதிர்வு நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை. அப்புலத்தினுள் சுருள் வந்ததும் அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது. இது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட தூண்டல் தத்துவமேயாகும். அந்தச் சிறிதளவு மின்சாரத்தால் விழித்தெழும் சில்லு, தன் எண்ணைத் தெரிவிக்கும் வகையில் புலத்திலிருந்து தான் உறிஞ்சும் சக்தியைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. பெட்டி அவ்வேறுபாட்டைப் படித்துக்கொள்கிறது. 2025 ஆகஸ்டில் பொம்மனஹள்ளி வழியாக ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் பயண அட்டையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். வகுப்பில் இத்தத்துவத்தை விளக்க முற்படும் ஆசிரியர் அவ்வட்டையையே உதாரணமாகக் கொள்ளலாம். மாணவர் மறக்க மாட்டார்.

எட்டு நிமிடங்கள்

அட்டை படிக்கப்படுவதோடு விஞ்ஞானம் முடிந்துவிடுகிறது. வடிவமைப்பு அங்குத்தான் தொடங்குகிறது. ஓர் உதாரணக் கணக்கைக் காண்போம். ஒரு வேலைக்கு அரை நிமிடம் என்று நிர்ணயித்திருப்பதாகக் கொள்வோம். எனில் ஒரு மணிக்கு 120 உருப்படிகள் ஆக வேண்டும். ஒரு நாள், பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே ஊசி முறிந்தது. மெக்கானிக் வந்து சரிசெய்ய 8 நிமிடங்கள் சென்றன. எஞ்சிய 52 நிமிடங்களில் அத்தொழிலாளர் சற்றும் தளராது தைத்து 104 உருப்படிகள் முடித்தார். கணிப்பொறியின் கணக்கில் அவருடைய திறன் 104-ஐ 120-ஆல் வகுத்த விகிதம், அதாவது சுமார் 87 சதவீதம். உண்மையில் இயந்திரம் ஓடிய நேரத்தில் அவருடைய திறன் 100 சதவீதம். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் 'இயந்திரம் நின்றது' என்று சொல்வதற்கு வழியே வைக்கப்படவில்லை.

இக்குறையை நீக்க ஒரு பொத்தான் போதும். 'ஊசி முறிந்தது', 'நூல் இல்லை', 'முந்தைய வேலை வந்து சேரவில்லை' என மூன்று பொத்தான்கள் இருப்பின் இன்னும் நன்று. அவற்றை அழுத்தியவுடன் நேரம் குறிக்கப்படும். மெக்கானிக்குக்கோ சூப்பர்வைசருக்கோ அழைப்பும் செல்லும். வேலை முடங்கிய இயந்திரத்தின் மேல் சிவப்பு விளக்கு எரியும் ஏற்பாடு ஜப்பானிய மோட்டார் ஆலைகளில் நெடுநாளாக உள்ளதுதான். அங்குக் குறையைக் காணும் தொழிலாளரே கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தவும் அழைக்கவும் உரிமை பெற்றிருந்தார். அவ்வுரிமையை விட்டுவிட்டு விளக்கை மட்டும் வாங்கி மாட்டும் ஆலைகளும் உண்டு. அங்கு விளக்கு அலங்காரமாகவே நிற்கும்.

மேற்கூறிய 104 என்ற எண்ணைச் சூப்பர்வைசரின் டாப்லெட் காட்டுகிறது. மேலாளரின் அறையிலுள்ள பெருந்திரையும் காட்டுகிறது. தைத்தவருக்கு அது தெரிவதில்லை என்றால், அவரைப் பொறுத்தவரை அது கருவியன்று, காவலாள். தம் கணக்கைத் தாம் காணவும், தவறிருப்பின் அன்றே சொல்லித் திருத்தவும் தொழிலாளருக்கு வாய்ப்பளிப்பது வடிவமைப்பின் முதற் கடமைகளுள் ஒன்று. மாத இறுதியில் ஊதியச் சீட்டு வந்த பின்பு, மூன்றாம் தேதி பத்து மணிக்கு ஊசி முறிந்ததை எவர் நினைவில் வைத்திருப்பர்?

கை, கண், காது

பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எவ்வாறு இருக்க வேண்டும் என்பன அற்பமான கேள்விகள் அல்ல. தைப்பவரின் கண் ஊசியின் மேலேயே இருக்கும். இரு கைகளும் துணியை வழிநடத்தும். கால் மிதியின் மேல் இருக்கும். ஆகவே கண்ணை எடுக்காமலே தடவி அறியத்தக்க மேடான பொத்தான், வழவழப்பான திரையைவிடச் சிறந்தது. மூன்று பொத்தான்களும் மூன்று வடிவங்களில் இருப்பின் தவறு குறையும். நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் ஆண்களுள் நூற்றுக்குச் சிலர் உளர். மெக்கானிக்குகளுள் அத்தகையோர் இருக்கலாம். விளக்கின் நிறத்தோடு அதன் இடமும் மாறினால் அவர்களுக்கும் விளங்கும்.

தொடுதிரை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் அதன் வரம்பும் விளங்கும். இன்றைய கைப்பேசிகளின் திரைக்கடியில் கண்ணுக்குப் புலனாகாத மின்கடத்திகள் வலைபோல் பின்னப்பட்டுள்ளன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் அருகே வரும்பொழுது அவ்விடத்தில் மின்தேக்குத் திறன் சிறிது மாறுகிறது. அம்மாற்றத்தையே திரை 'தொடுதல்' என்று கொள்கிறது. விரல் காய்த்துப்போயிருந்தாலோ, ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாலோ, துணிக் கையுறை அணிந்திருந்தாலோ மாற்றம் மிகக் குறைவாகிறது. ஈரம் பட்டாலோ வேறிடத்தில் தொட்டதாகத் திரை மயங்குகிறது. வாயிலிலுள்ள கைரேகைப் பெட்டிக்கும் இதையொத்த இடர்ப்பாடு உண்டு. உழைப்பால் தேய்ந்த ரேகைகளை அது பன்முறை மறுக்கும். வரிசையில் பின்னால் நிற்போரின் முணுமுணுப்பையும், சில நிமிடத் தாமதத்திற்காக வெட்டப்படும் ஊதியத்தையும் அப்பெட்டியை வடிவமைத்தவர் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். ரேகை மறுக்கப்பட்டாலும், விரலை முதலில் வைத்த நேரமே வந்த நேரமாகப் பதியப்பட வேண்டும் என்று ஒரு வரி நிரலில் எழுதினால் இத்துன்பம் தீரும்.

ஓசையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான மோட்டார்கள் ஓடும் கூடத்தில் மெல்லிய மணியோசை கேளாது. உரத்த ஓசையோ பக்கத்திலிருப்போர் அனைவரையும் திடுக்கிடச் செய்யும். எவர் இயந்திரம் நின்றது என்பதைக் கூடத்திற்கே பறைசாற்றும். விரலுக்குத் தெரியும் மெல்லதிர்வே போதுமானது.

எழுத்தில்லாத் திரை

எழுத்தறிவு குறைந்தோருக்கான திரையைப் பற்றிய ஆராய்ச்சிகளுள் முக்கியமான ஒன்று பெங்களூரிலேயே நடைபெற்றது. 2006-ஆம் ஆண்டையொட்டி, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெங்களூர் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த இந்திராணி மேதி, அமன் சாகர், கெண்டாரோ டோயாமா ஆகியோர் நகரின் மூன்று குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த வீட்டு வேலை செய்யும் பெண்களுடன் பல மணி நேரம் பழகி, எழுத்தே இல்லாத ஒரு திரையை உருவாக்கினர். வேலை தேடுவதற்கும், நகரின் வரைபடத்தைப் படிப்பதற்கும் அது உதவியது. அவர்கள் கண்ட உண்மைகள் ஆலைக் கருவிகளுக்கும் பொருந்துவன.

அடுப்பின் படத்தை மட்டும் காட்டினால் பார்ப்போர் அதனை அடுப்பு என்றே கொண்டனர். சமையல் வேலை என்று கொள்ளவில்லை. ஆவி எழுவதுபோல், நீர் வழிவதுபோல் செயலின் அறிகுறியைச் சேர்த்த பின்னரே அது வேலையைக் குறிக்கும் படமாயிற்று. அப்படியே எடுத்த நிழற்படத்தைவிட, வேண்டாத நுட்பங்களை விலக்கிக் கையால் வரைந்த படம் எளிதில் விளங்கியது. எழுத்தறியாதோரும் எண்களை அறிந்திருந்தனர். ஆகவே எண்களை நீக்க வேண்டிய அவசியம் எழவில்லை. ஒவ்வொரு படத்தையும் தொட்டால் அதன் பொருள் குரலாக ஒலித்தது. உதவி கேட்கும் குறி எப்பொழுதும் திரையின் ஒரே இடத்தில் நின்றது.

இவற்றினும் சிந்தனைக்குரியது பின்னர் 2007-இல் வெளியான ஆய்வின் முடிவு. இயக்கும் முறையைக் கற்பித்தால் மட்டும் போதவில்லை. இப்பெட்டி எதற்கு வந்தது, இதிலுள்ள வேலைச் செய்தி யாரிடமிருந்து எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைச் சிறு நாடகமாக நடித்துக் காட்டிய படத்தை முதலில் பார்த்தவர்களே கருவியை ஊக்கத்துடன் கையாண்டனர். பொத்தானைப் பற்றிய பயத்தினும் பெரியது பெட்டியைப் பற்றிய ஐயம் என்பது இதனால் பெறப்படும். களப் பணியாளர் ஒரு கருவியை அறிமுகம் செய்யும்பொழுது 'இதை இப்படி அழுத்துங்கள்' என்று தொடங்குவது பெருவழக்கு. 'இதில் சேரும் செய்தி இன்னாரிடம் செல்லும். இன்னாரிடம் செல்லாது' என்று தொடங்குவதே முறை.

கைப்பேசி யாருடையது?

வைப்பு நிதிக் கணக்குக்கு மீண்டும் வருவோம். அக்கணக்கைத் திறக்கவும் பணம் கேட்கவும், பதிவு செய்த கைப்பேசிக்கு ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய எண் ஒன்று அனுப்பப்படுகிறது. தொழிலாளர் வழக்கில் இது 'ஓ.டி.பி.'. குறித்த சில நிமிடங்களுக்குள் அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். கைப்பேசி ஒருவருக்கே உரியது, எப்பொழுதும் அவரிடமே இருப்பது என்ற எண்ணத்தில் எழுந்த ஏற்பாடு இது. பல ஆலைகளில் தையல் கூடத்திற்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதியில்லை. அது வாயிலில் ஒப்படைக்கப்பட்டிருக்கும். சில வீடுகளில் கணவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்துவர். வேலை மாறுவதுபோலவே எண்ணும் மாறும். பணியாளர் நலப் பிரிவின் மேஜையருகே நின்று ஒரு பெண் விண்ணப்பிக்கும்பொழுது, இரகசிய எண் அவருடைய கணவரின் சட்டைப் பையில் மணியடித்து ஓய்ந்துவிடும். தன் சேமிப்பைத் தானே அறிய விரும்பும் பெண்ணுக்கு இதனால் நேரும் சங்கடம் காலத்தாமதம் மட்டுமன்று.

பெயரும் ஓர் இடையூறு. படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் உள்ளன. தமிழ்ப் பெண்ணுக்குக் குடும்பப்பெயர் என ஒன்றில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஆலை எழுத்தர் அதனை ஒருவிதமாகவும், ஆதார் நிலையத்தார் விரித்து வேறுவிதமாகவும், வங்கியார் மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பர். கணிப்பொறிக்கு எழுத்து ஒன்று பிசகினும் ஆள் வேறு, விண்ணப்பம் திரும்பிவிடும். 2025 ஜனவரியில் வைப்பு நிதி நிறுவனம் இதனை ஓரளவு எளிதாக்கியது. ஆதாருடன் சரிபார்க்கப்பட்ட கணக்குகளில், 2017 அக்டோபர் முதல் வழங்கப்பட்ட எண் உடையோர், பெயர் முதலிய விவரங்களை நிர்வாகத்தின் ஒப்புதலின்றித் தாமே திருத்திக்கொள்ள வழி செய்யப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் பிழை புகுந்த இடம் படிவத்தின் அவ்விரு கட்டங்களே.

நன்கமைந்த ஏற்பாடு ஒன்றும் இங்கேயே உண்டு. பதிவு செய்த எண்ணிலிருந்து ஒரு முறை அழைத்துத் துண்டித்தால், கணக்கின் நிலவரம் குறுஞ்செய்தியாக வரும் முறையை வைப்பு நிதி நிறுவனம் ஏற்படுத்தியது. செலவில்லை; பொத்தான் வைத்த பழைய கைப்பேசியே போதும்; கடவுச்சொல் நினைவில் வைக்க வேண்டியதில்லை. இந்திய மக்கள் தாமே கண்டுபிடித்த 'மிஸ்டு கால்' வழக்கத்தை அரசு அலுவலகம் ஒன்று ஏற்றுக்கொண்ட அழகிய உதாரணம் இது. குறுஞ்செய்தி அனுப்பி விவரம் கேட்கும் முறையில் பத்து மொழிகள் அறிவிக்கப்பட்டன. தமிழும் கன்னடமும் அவற்றுள் இருந்தன, ஒடியா இல்லை. பொம்மனஹள்ளியின் தையல் கூடங்களில் அமர்ந்திருப்போரை நேரில் கண்டு எழுதிய பட்டியலாயின் அம்மொழி விடுபட்டிராது.

படிக்க இயலாதோருக்குக் குறுஞ்செய்தியினும் குரலே உகந்தது. டில்லி இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் 2009-இல் தோன்றிய 'கிராம் வாணி' என்னும் நிறுவனம், 2012-இல் ஜார்க்கண்டில் 'மொபைல் வாணி' என்ற குரல் மேடையைத் தொடங்கியது. மக்கள் ஓர் எண்ணை அழைத்துத் துண்டித்தால் கணிப்பொறி திரும்ப அழைக்கும். பிறர் பேசியதைக் கேட்கலாம், தாமும் பேசிப் பதியலாம். டில்லியைச் சூழ்ந்த தொழிற்பகுதிகளின் தொழிலாளருக்கும் இவ்வகை மேடை ஒன்றை அந்நிறுவனம் நடத்தியது. இதன் அடிப்படை மிகவும் எளிது. கைப்பேசியில் 1-ஐ அழுத்தினால் நொடிக்கு 697, 1209 அதிர்வுகள் கொண்ட இரு ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும். 5-க்கு 770, 1336. இவ்விரட்டை ஒலியைக் கேட்டே மறுமுனை எண்ணை அறிகிறது. நிரலெழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 'எண் 1-ஐ அழுத்தினால் சேமிப்பை அறியலாம்' என்று சொன்னால் கேட்பவர் எண்ணை மறந்துவிடுவார். 'சேமிப்பை அறிய, எண் 1' என்று பொருளை முன்னும் எண்ணைப் பின்னும் வைக்க வேண்டும்.

சொல்லுக்குச் செவி

கருவி தொழிலாளரைக் கேட்கவும் வல்லது. இந்திய ஆயத்த ஆடை ஆலைகளில் அச்யுத அத்வர்யு, தெரேசா மொலினா, அனந்த் நியஷாதம் ஆகியோர் நடத்தி, 2022-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இதற்குச் சான்று. எதிர்பார்த்த அளவு ஊதிய உயர்வு கிட்டாத சமயத்தில், குலுக்கல் முறையில் தேர்ந்த தொழிலாளரிடம் வேலை நிலைமை, சூப்பர்வைசரின் நடத்தை, மனநிறைவு ஆகியவை குறித்துப் பெயர் குறியாது கருத்துக் கேட்கப்பட்டது. அவ்வாறு கேட்கப்பட்டோரிடையே வேலையை விட்டு நிற்பதும், வராமல் இருப்பதும் குறைந்தன. ஏமாற்றம் மிகுந்தோரிடம் இப்பயன் மிகுதியாகக் காணப்பட்டது. ஊதியத்தை உயர்த்தாமல் கேள்வித்தாள் கொடுத்தால் போதும் என்று இதற்கு யாரேனும் பொருள் கொள்வாராயின், அது ஆய்வின் குற்றமன்று.

கூடத்தின் காற்றையும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகளும் பெங்களூர் ஆலைகளில் பயன்பட்டுள்ளன. அத்வர்யுவும் நியஷாதமும் நமிதா காலாவுடன் செய்த ஆய்வுகளில், நுண்தூசி மிகும் நேரங்களில் உற்பத்தி குறைவதும், தொழிலாளரின் நிலையைக் கவனித்து வேலையை மாற்றித் தரும் சூப்பர்வைசர்களின் லைன்களில் அவ்விழப்பு குறைவதும் தெரியவந்தன. வெப்பம் குறைவாக உமிழும் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியபின் வெயில் மிகுந்த நாட்களில் உற்பத்தி உயர்ந்ததையும் அவர்கள் கண்டனர். மேற்சொன்ன 87 சதவீதத்தை எண்ணிப் பார்க்க. குறைந்த எண்ணுக்குக் காரணம் ஆளா, அறையா என்பதைச் சுவரிலுள்ள ஒரு வெப்பமானி சில சமயம் தீர்த்துவைக்கும்.

சேரும் செய்தி யாருக்கு உரியது என்ற கேள்வியும் இங்கு எழும். 2023-ஆம் ஆண்டின் மின்னணு வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவில் சம்மதத்தை வேண்டுகிறது. ஆயினும் அதன் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான பயன்களுக்குத் தனிச் சம்மதமின்றியும் விவரங்களைக் கையாள இடமளிக்கிறது. ஆகவே ஆலைக்குள் எதனைச் சேர்ப்பது, எதனைச் சேர்க்காமல் விடுவது என்பது பெரிதும் வடிவமைப்போரின் கையிலும் நிர்வாகத்தின் கையிலுமே உள்ளது. உற்பத்தியை எண்ணப் பொருத்திய பெட்டி, ஒரு பெண் இருக்கையை விட்டு எத்தனை முறை எழுந்தார் என்பதையும் எண்ணத் தொடங்கினால், நூலறுந்ததைத் தெரிவிக்கும் பொத்தானையும் அவர் தொடமாட்டார்.

பரிசோதிக்கும் முறை

கருவியை ஆலைக்குக் கொண்டுசெல்லுமுன் சிலரிடம் கொடுத்துப் பார்ப்பது அவசியம். எத்தனை பேரிடம்? 1993-இல் ஜேகப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகியோர் இதற்கு ஒரு கணக்குக் காட்டினர். ஒருவர் பயன்படுத்தும்பொழுது சராசரியாக நூற்றுக்கு 31 குறைகள் வெளிப்படுவதாகக் கொண்டால், மறைந்து நிற்பவை 0.69 பங்கு. ஐவர் பயன்படுத்திய பின் மறைந்து நிற்பவை 0.69-இன் ஐந்தடுக்கு, அதாவது சுமார் 0.16. எனவே நூற்றுக்கு ஏறத்தாழ 84 குறைகள் ஐவராலேயே வெளிப்பட்டுவிடும். உயர்நிலை வகுப்பு மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். இவ்வைவரும் ஒத்த நிலையினராக இருப்பர் என்பது கணக்கின் உள்ளே மறைந்துள்ள கொள்கை. மூன்று மொழியினர் உள்ள லைனில் மொழிக்கு ஐவர் வேண்டும். பழகிய டெய்லர் ஐவரோடு, நேற்றுச் சேர்ந்த ஹெல்ப்பர் ஐவரும் வேண்டும்.

பரிசோதகர் உதவி செய்யலாகாது. 'உங்கள் கணக்கில் நேற்று எத்தனை உருப்படி ஏறியது என்று பாருங்கள்' என்று வேலையை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். விரல் எங்கே தயங்கியது, எப்பொழுது நிமிர்ந்து பக்கத்தாரைப் பார்த்தார், எந்த மொழியில் கேட்டார் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதால் பயனில்லை. மரியாதை கருதி அனைவரும் பிடித்திருப்பதாகவே சொல்வர். சூப்பர்வைசர் அருகில் நிற்கலாகாது. பரிசோதனைக்கு எடுத்த நேரம் அன்றைய உற்பத்திக் கணக்கிலிருந்து கழிக்கப்பட வேண்டும், ஊதியம் குறையலாகாது. உணவு இடைவேளையில் தட்டைக் கழுவிவிட்டு வருவோரை நிறுத்திவைத்து நடத்தும் பரிசோதனையில், கருவி மிகவும் எளிதாக உள்ளது என்ற ஒரே விடைதான் கிடைக்கும்.